முதுகுத்தண்டு ஊசி: எந்த வலிக்கு எந்த ஊசி, போட்ட பிறகு என்ன – முழுமையான வழிகாட்டி

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்4-எல்5ல டிஸ்க் பிதுங்கியிருக்கு, ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். (எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள். டிஸ்க் அவற்றுக்கு இடையே இருக்கும் மெத்தை.) முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்பது ஒரு கட்சி. பக்கத்துத் தெரு மாமா ஒரே ஊசியில் எழுந்து நடந்தார் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த ஊசி எதற்கு? வலியைக் குறைக்கவா, வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவா?

இரண்டுக்கும் ஊசி இருக்கிறது. சில ஊசிகள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யும். எதற்கென்று தெரியாமல் போட்டுக்கொண்டால், வலி குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று தெரியாது. குறையாவிட்டால் அடுத்து என்ன என்றும் தெரியாது. இங்கே சொல்வதெல்லாம் இடுப்புப் பகுதி முதுகுவலிக்கு மட்டும். கழுத்துக்குப் போடும் ஊசிகளின் ஆபத்துக் கணக்கே வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

படி 1: எது வலிக்கிறது என்று சரியாகச் சொல்லப் பழகுங்கள்

டாக்டரிடம் போகும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். முதுகு அதிகம் வலிக்கிறதா, கால் அதிகம் வலிக்கிறதா? எந்த ஊசி, போட வேண்டுமா வேண்டாமா என்பதில் பாதி இந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

இடுப்பிலிருந்து கிளம்பி, முழங்காலைத் தாண்டி, பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும் வலி என்றால் நரம்பு வேர் ஒன்று அழுத்தப்படுகிறது அல்லது வீங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதைத்தான் சையாட்டிகா என்கிறோம். எந்த விரலில் போய் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். புறங்காலிலும் பெருவிரலிலும் மரத்துப்போனால் எல்5 நரம்பு. கெண்டைக்காலின் பின்பக்கமாக இறங்கி, பாதத்தின் வெளி ஓரத்தையும் சுண்டுவிரலையும் பிடித்தால் எஸ்1, அதாவது எல்5க்கு அடுத்துக் கீழே இருக்கும் நரம்பு. கணுக்காலின் உட்பக்கத்தோடு நின்றால் எல்4. எல்லோருக்கும் அச்சடித்த மாதிரி இப்படி இருக்காது. ஆனாலும் "கால் ஃபுல்லா வலிக்குது" என்பதைவிட "பெருவிரல் மரத்திருக்கு, குதிகாலால் நடக்க முடியவில்லை" என்பது டாக்டருக்குப் பல மடங்கு உதவும்.

வலி முதுகிலும் பிட்டத்திலும், அதிகம் போனால் தொடை வரையிலும் நின்றுவிடுகிறதா? அப்போது முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சின்ன ஃபேசட் மூட்டுகள், டிஸ்க், தசை, இடுப்பெலும்பும் தண்டும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு என்று பலர் மேல் சந்தேகம் விழும். இடுப்புக்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கும் குழியை ஒவ்வொரு முறையும் ஒரே விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டுகிறவர்களுக்கு சாக்ரோஇலியாக் மூட்டைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

இதில் ஸ்கேன் எவ்வளவு உதவும்? நினைப்பதைவிடக் குறைவு. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84. ஆகவே ரிப்போர்ட்டில் நாலு இடத்தில் "பல்ஜ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டாம். ஸ்கேனில் தெரியும் இடமும் காலில் தெரியும் அறிகுறியும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

படி 2: ஊசியைப் பற்றியே யோசிக்கக் கூடாத நிலைமைகள்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, வருவதே தெரியாமல் போவது, ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் ஒன்றாகப் பலவீனமாவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது வந்தாலும் வலி கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டிருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ் நரம்புக் கற்றை நசுங்கினால் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் படுத்தாலும் அடங்காத வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவையும் முதலில் சொல்ல வேண்டியவை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறக்கவே கூடாது. சாதாரண முதுகுவலி மாதிரியே மாதக்கணக்கில் இருக்கும். இந்த ஊசிகள் பலவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, அந்த இடத்தில் போய்ச் சேர்ந்தால் நோய்க்கு நாமே இடம் கொடுத்த மாதிரி.

படி 3: காத்திருக்க முடியுமா என்று பாருங்கள்

டிஸ்க் பிதுங்கி வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. பெரிய துண்டுகள் கரைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எனவே வலி தாங்கும் அளவில் இருந்து, கால் பலவீனம் இல்லையென்றால், மாத்திரை, நடை, பிசியோதெரபி என்று சில வாரம் பார்ப்பதில் தப்பில்லை. உட்காரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் இருப்பவரைப் பன்னிரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்வதும் நியாயமில்லை. எபிடூரல் ஊசிக்கு (நரம்பு உறைக்கு வெளியே போடுவது, அடுத்த படியில் விவரம்) உண்மையான இடம் அங்கேதான்: உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை அந்த மோசமான வாரங்களைக் கடக்க வைப்பது.

படி 4: எந்த ஊசி என்று கேளுங்கள்

"முதுகுல ஊசி" என்பது ஒரே ஊசி இல்லை. டாக்டர் பரிந்துரைப்பது எது என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எபிடூரல் ஸ்டீராய்டு ஊசிதான் அதிகம் போடப்படுவது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஸ்டீராய்டையும் மரத்துப்போக வைக்கும் மருந்தையும் செலுத்துவார்கள். போக மூன்று வழி உண்டு. நடுவில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே போகலாம். நரம்பு வெளியே வரும் துவாரத்தின் பக்கமாகப் போகலாம், இதை டிரான்ஸ்ஃபொராமினல் என்பார்கள். அல்லது வால் எலும்புக்கு மேலே உள்ள துளை வழியாகக் கீழிருந்து மேலே அனுப்பலாம், இது காடல். காடல்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1901இல் பாரிஸில் சிகார், காத்லான் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு உள்ளே அனுப்பியது கோகெய்ன். ஸ்டீராய்டு வந்து சேர்ந்தது 1950களில்.

தண்டுவடத்தில் ஊசி குத்திவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு பதில்: பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே, எல்1-எல்2 அளவில், முடிந்துவிடுகிறது. வழக்கமாக ஊசி போடும் எல்4, எல்5 பகுதிகளில் இருப்பது நரம்புக் கற்றைதான். சிசேரியனுக்குப் போட்ட ஊசியால்தான் எனக்கு முதுகுவலி என்று நம்புகிற அக்காக்களும் உண்டு. அது உறைக்கு உள்ளே, வேறு காரியத்துக்குப் போடும் மருந்து. பிரசவத்துக்கு முதுகில் போடும் ஊசியால் நீண்ட கால முதுகுவலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

அடுத்தது நரம்பு வேர் பிளாக். ஸ்கேனில் இரண்டு இடத்தில் அழுத்தம் தெரிகிறது, எது குற்றவாளி என்று தெரியவில்லை என்றால், சந்தேகப்படும் ஒரே ஒரு நரம்பை மட்டும் துளி மருந்தால் மரக்க வைத்துப் பார்ப்பார்கள். வலி போனால் அந்த நரம்பு மேல் சந்தேகம் வலுக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எந்த இடத்தைத் திறப்பது என்று முடிவெடுக்க இது உதவும். மருந்து அளவு அதிகமானால் பக்கத்து நரம்புக்கும் பரவி விடை கெட்டுப்போகும்.

மீடியல் பிராஞ்ச் பிளாக் என்பது முழுக்க முழுக்கச் சோதனை ஊசி. ஃபேசட் மூட்டு வலியை ஸ்கேனிலோ தொட்டுப் பார்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு உணர்வு தரும் சின்ன நரம்பை மரக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புகள் வருவதால் ஒரு மூட்டைச் சோதிக்க இரண்டு இடத்தில் ஊசி தேவை, ஒவ்வொன்றிலும் அரை மில்லிக்கும் குறைவான மருந்து. ஒருமுறை வலி குறைந்தால் மட்டும் போதாது. நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை, மூட்டில் கோளாறு இல்லாமலேயே முதல் ஊசிக்கு வலி குறைந்ததாகச் சொல்கிறார்கள். அதனால்தான் இன்னொரு நாள், வேறு மருந்தில், இரண்டாம் முறை போட்டுப் பார்க்கிறார்கள். "திரும்பத் திரும்பக் காசு பிடுங்குகிறார்கள்" என்று இந்த இரண்டாவது ஊசியைச் சந்தேகப்படாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது ஒரே ஊசியை வைத்து அந்த நரம்பை வெப்பத்தால் சுட (படி 10இல் வரும்) கூப்பிடுகிறவரை.

சாக்ரோஇலியாக் மூட்டு ஊசி சோதனைக்கும் சிகிச்சைக்கும் பயன்படும். தசையில் போடும் டிரிக்கர் பாயின்ட் ஊசி முதுகுத்தண்டு ஊசியே அல்ல. டிஸ்கோகிராம், அதாவது டிஸ்குக்குள்ளேயே சாயம் செலுத்தி வலியைக் கிளப்பிப் பார்ப்பது, இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. குத்திய டிஸ்க் பின்னாளில் வேகமாகத் தேய்கிறது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு ஒரு பெரிய காரணம்.

படி 5: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

கிளினிக் சுவரொட்டிகளில் வராத பகுதி இது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கால்வலி இல்லாத வெறும் முதுகுவலிக்கு முதுகுத்தண்டு ஊசி கொடுக்க வேண்டாம் என்கிறது. சமீபத்தில் தொடங்கிய கடுமையான சையாட்டிகாவுக்கு எபிடூரலை யோசிக்கலாம் என்கிறது. வயதானவர்களுக்கு வரும் தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தில், 400 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் மரத்துப்போக வைக்கும் மருந்து மட்டுமே இருந்த ஊசிக்கும் ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2025இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுத்தண்டு வலிக்கு இந்த ஊசிகளே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. வலி மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை, சர்ச்சை ஓயவில்லை.

என் கணிப்பு இது. புதிதாக வந்த, கால்வரை இறங்கும், ஸ்கேனோடு ஒத்துப்போகும் வலிக்கு ஒரு எபிடூரல் போட்டுப் பார்க்கலாம். கிடைப்பது சில வாரம், சில மாத நிம்மதி. பல வருட முதுகுவலிக்கு ஸ்டீராய்டு ஊசியை நம்பி உட்காராதீர்கள்.

படி 6: தயாராவது

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரை முதலில் பார்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். எபிடூரலுக்கு முன் குளோபிடோகிரெல் வழக்கமாக 7 நாள், வார்ஃபரின் 5 நாள் நிறுத்தி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்ப்பார்கள், அபிக்சபான், ரிவரோக்சபான் 3 நாள். இந்த நாள் கணக்கைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது முதுகுவலியைவிடப் பல மடங்கு ஆபத்து. இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு: 40 முதல் 80 மில்லிகிராம் ஸ்டீராய்டு உள்ளே போனால் அடுத்த சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், சர்க்கரை எகிறும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) கட்டுக்குள் இல்லையென்றால் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், கேளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். எவ்வளவு தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வையுங்கள்.

காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, முதுகுத் தோலில் கட்டியோ இருந்தால் அன்று ஊசி கிடையாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் எக்ஸ்ரே காரணமாகக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கேன் சாயத்தால் முன்பு அலர்ஜி வந்திருந்தால் அதையும்.

சோதனை ஊசி என்றால் ஒரு தனி விதி: அன்று காலை வலி மாத்திரை போடாதீர்கள். வலி இருந்தால்தான் அது போனதா என்று பார்க்க முடியும். மயக்கம் கொடுத்துப் போட்டாலும் விடை கலங்கிப்போகும்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: சி-ஆர்ம் (திரையில் உடனுக்குடன் காட்டும் எக்ஸ்ரே கருவி) வைத்துப் பார்த்துப் போடுவீர்களா? சாயம் விட்டு உறுதி செய்வீர்களா? எந்த ஸ்டீராய்டு? கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மெத்தில்பிரெட்னிசோலோன், டிரையம்சினோலோன் இரண்டும் நுண்துகள் கொண்ட மருந்துகள். தப்பித்தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம். டெக்சாமெத்தசோனில் துகள் இல்லை. அதனால் துவாரத்தின் பக்கமாகப் போகும் ஊசிக்குப் பலர் அதையே விரும்புகிறார்கள். இப்படி அரிதாக வரும் பக்கவாதம், பார்வை இழப்பு பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரிக்கை வெளியிட்டது.

படி 7: ஊசி போடும் நாள்

தியேட்டரில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். முதுகை ஆன்டிசெப்டிக்கால் துடைக்கும்போது சில்லென்று இருக்கும். தோலை மரக்க வைக்கும் ஊசிதான் பெரும்பாலும் அதிகம் எரிவது. பிறகு சி-ஆர்ம் உங்கள் மேல் வளைந்து வந்து நிற்கும். டாக்டர் கொஞ்சம் தள்ளுவார், திரையைப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் தள்ளுவார். இடம் வந்ததும் சாயம் விடுவார். திரையில் அது நரம்பின் ஓரமாக, வேரோடு கசியும் தண்ணீர் மாதிரி மெல்லிய கோடாக இறங்கும். அப்படி இறங்காமல் சட்டென்று மறைந்தால் ஊசி ரத்தக் குழாயில் இருக்கிறது என்று அர்த்தம், இடம் மாற்றுவார்கள். மருந்து போகும்போது காலில் அழுத்தம் தெரியும். "இதே வலிதான் டாக்டர், இதேதான்" என்று அந்த நொடியில் பலர் சொல்வார்கள். சொல்லுங்கள், அடக்காதீர்கள், அதுவும் ஒரு தகவல். காலில் சுளீரென்று தாங்க முடியாத வலி பாய்ந்தால் உடனே சொல்ல வேண்டும், ஆனால் அசையக் கூடாது.

மொத்தம் பதினைந்து, இருபது நிமிடம். அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். கால் சில மணி நேரம் கனமாக, மரத்தாற்போல் இருக்கலாம், ஆகவே பைக் ஓட்டிக்கொண்டு திரும்புவது வேண்டாம். கூட ஆள் வரட்டும்.

படி 8: முதல் ஆறு மணி நேரம்

எல்லோரும் வீணடிக்கும் நேரம் இதுதான். வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் கேட்டால் "பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் தேவல" என்பார்கள். அந்தப் பதிலை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊசியில் இரண்டு மருந்து இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் மருந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், பியூபிவகெய்ன் என்றால் அதைவிடச் சில மணி நேரம் கூட. ஸ்டீராய்டு இரண்டு நாள் முதல் ஒரு வாரம் கழித்துத்தான் காட்டும். ஆகவே முதல் சில மணி நேரம் வலி போனால், மருந்து சரியான இடத்தைத் தொட்டது என்று பொருள். மாலையில் வலி திரும்பினால் ஊசி தோற்றது என்று பொருள் இல்லை. அதன் பிறகு நாலைந்து நாளில் குறைந்தால் அது ஸ்டீராய்டின் வேலை.

ஊசிக்கு முன்பே, எதைச் செய்தால் வலிக்கும் என்று இரண்டு மூன்று காரியங்களைத் தேர்ந்தெடுங்கள்: பத்து நிமிடம் நிற்பது, நாற்காலியிலிருந்து எழுவது, பின்னால் வளைவது. ஊசிக்குப் பின் அரை மணிக்கு ஒருமுறை அதையே செய்து, பத்துக்கு எத்தனை வலி என்று எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

ஊசிக்கு முன் 10.00: எழும்போது 8. ஊசி 10.40. மணி 11.15: எழும்போது 2, கால் லேசாக மரத்திருக்கிறது. 12.30: 2. 2.00: 4. 4.00: 7.

மீடியல் பிராஞ்ச் பிளாக் என்றால் இந்தத் தாள்தான் பரிசோதனை முடிவு. 80 சதவீதம் குறைந்தால்தான் கணக்கு என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் 50. டாக்டரைச் சந்தோஷப்படுத்த எண்ணைக் குறைத்து எழுதாதீர்கள். துளிகூடக் குறையவில்லை என்பதும் நல்ல பதில்தான். ஒரு சந்தேகத்தை அடித்துவிடலாம்.

படி 9: அடுத்த இரண்டு வாரம்

முகம் சிவந்து சூடாவது, ஒன்றிரண்டு இரவு தூக்கம் வராமல் போவது, மாதவிடாய் தேதி மாறுவது எல்லாம் ஸ்டீராய்டால் வந்து போகும். உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் அடங்கும் தலைவலி வந்தால் உறையில் சின்னத் துளை விழுந்திருக்கலாம். டாக்டரைக் கூப்பிடுங்கள், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. காய்ச்சல், கழுத்து இறுக்கம், நாளாக ஆகக் கூடும் முதுகுவலி, காலில் புதிய பலவீனம், சிறுநீர்த் தொந்தரவு என்றால் காத்திருக்கவே கூடாது. 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் 750க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்கு அறிகுறி வாரங்கள் கழித்தே தொடங்கியது. சீல் வைத்த புட்டியை உங்கள் முன் திறக்கச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வலி குறைந்த நாட்களை நடக்கவும் பிசியோதெரபி தொடங்கவும் பயன்படுத்துங்கள். கையோடு கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பது வேண்டாம்.

படி 10: அடுத்து என்ன

"மூன்று ஊசி ஒரு கோர்ஸ்" என்று மொத்தமாகப் பேசி முன்பணம் கேட்டால் யோசியுங்கள். மூன்றும் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் ஊசி நன்றாக உதவி, பிறகு வலி திரும்பினால் இன்னொன்று போடலாம். வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் பெரும்பாலும் போடுவதில்லை. முதல் ஊசியே உதவவில்லை என்றால் அதையே மறுபடி போடுவதற்கு முன், இடம் சரியா, நோய் சரியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு மீடியல் பிராஞ்ச் பிளாக்குகளும் நன்றாக வேலை செய்திருந்தால் அந்த நரம்பை ரேடியோ அலையால், சுமார் 80 டிகிரியில், சுடுவதைப் பற்றிப் பேசுவார்கள். நரம்பு மறுபடி வளரும் என்பதால் பலன் கிடைத்தாலும் ஆறு மாதம், ஒரு வருடம்தான். 2017இல் நெதர்லாந்திலிருந்து வந்த பெரிய ஆய்வு, உடற்பயிற்சியோடு இதைச் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்றது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்று வலி மருத்துவர்கள் மறுத்தார்கள். கால் பலவீனம் கூடினால் ஊசிப் பேச்சை விட்டுவிட்டு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மட்டம், எந்தப் பக்கம், எந்த வழி, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய குறிப்பையும் சாயம் பரவிய எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டருக்கு அது வேண்டும், ஸ்டீராய்டு மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கவும் வேண்டும். முழங்காலுக்கும் தோளுக்கும் போட்ட ஸ்டீராய்டு ஊசிகளும் இந்தக் கணக்கில் சேரும். வேறு ஊரில் வேறு டாக்டர் போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.